கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அயர்லாந்தில் வேலையும் ஊர் சுற்றலும்

லீவுக்குக் கோத்தகிரி வந்து பத்து நாள் ஆகிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "அங்கே குளிர் எப்படிம்மா?" டிசம்பரில் பகலிலேயே ஸ்வெட்டரும் குல்லாவுமாகத் திரிகிற ஊர் இது, இங்கே நின்றுகொண்டு இதைக் கேட்கிறார்களே என்று சிரிப்பு வரும். உருப்படியாகக் கேட்டவன் அரவேணுவில் இருக்கும் சித்தி பையன் ஒருவன்தான். அவனுக்கு அடுத்த மாதம் டப்ளினில் வேலை. நேற்று டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்ததும், "அக்கா, வேலை போக மீதி நேரத்தில் என்ன பண்ணுவீங்க?" என்றான்.

முதல் ஐந்து மாதம் ஒன்றும் பண்ணவில்லை, அதுதான் உண்மை. கால்வேயில் நர்ஸ் வேலை, பன்னிரண்டு மணி நேர டூட்டி, ஆஃப் கிடைத்தால் தூக்கம், துணி துவைப்பது, வீட்டுக்கு வீடியோ கால், ஜன்னலுக்கு வெளியே மழை. அப்புறம் ஒருநாள் கோபம் வந்து கிளம்பினேன், இன்றுவரை நிற்கவில்லை. அவனிடம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவன் ஓடியதால் பாதியில் நின்றுபோனது. அந்த மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அந்தக் கடைசி பஸ்தான் முதல் விதியும். நம் ஊரில் யாரும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம் இது: கோயம்புத்தூர் போனாலும், ஊட்டியில் கல்யாணம் என்றாலும், திரும்பி வர வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம், தவறவிட்டால் ஜீப்புக்கு அழ வேண்டும் என்று தெரியும். அயர்லாந்துக்குப் போனதும் 'வெளிநாடு, எப்போதும் வண்டி இருக்கும்' என்று நினைத்து இந்தப் புத்தியை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிடுகிறோம். டப்ளினுக்குள்ளே சரி. நகரத்தைத் தாண்டினால் பல ஊர்களுக்கு நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பஸ்கள்தான், ஞாயிற்றுக்கிழமை அதிலும் பாதி. அதனால் எங்கே போவதென்றாலும் முதலில் திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரத்தைப் பாருங்கள். அடுத்து அன்றைக்குச் சூரியன் எப்போது மறைகிறது என்று பாருங்கள். இரண்டில் எது முந்தியோ அதிலிருந்து பின்னோக்கி நடக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், வழி தவறுகிற நேரம் (இது கட்டாயம் உண்டு) எல்லாவற்றையும் கழியுங்கள். என்ன மிஞ்சுகிறதோ அதுதான் நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம். பெரும்பாலும் அது நீங்கள் எழுந்திருக்க நினைத்ததைவிட ரொம்ப முன்னாடி இருக்கும்.

சூரியனைப் பற்றிச் சொல்வது சும்மா இல்லை. இங்கே வருடத்தின் குட்டிப் பகலில்கூட மாலை ஆறு வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அங்கே டிசம்பரில் காலை எட்டரை தாண்டித்தான் விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். ஜூனில் நேர்மாறு, ராத்திரி பத்து மணிக்கும் பேப்பர் படிக்கலாம். நான் போன முதல் டிசம்பரில் டப்ளினில் ஒரு தோழி வீட்டில் தங்கி, அங்கிருந்து விக்லோ மலையில் இருக்கும் கிளென்டலாக் போனேன். புனித கெவின் ஆறாம் நூற்றாண்டில் அமைத்த மடம், முப்பது மீட்டர் உயரத்தில் உருளையான கல் கோபுரம், அதைத் தாண்டி இரண்டு ஏரிகள். மேல் ஏரி ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன், நம் கொடநாடு பக்கம் மாதிரியே மேகம் இறங்கி ஏறி விளையாடிக்கொண்டிருந்தது. ஐந்தரை வரை வெளிச்சம் இருக்கும் என்று மனசுக்குள் ஊர்க் கணக்கு. நாலு மணிக்கே கண்முன்னால் விளக்கை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. செல்போன் டார்ச்சை வைத்துக்கொண்டு கீழே வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. கார் பார்க்கில் கிளம்பிக்கொண்டிருந்த வயதான தம்பதி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு பிரே வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் ரயில் நிலையத்தில் விட்டார்கள். வழியில் அந்த அம்மா, "உங்கள் ஊரில் மலை உண்டா?" என்று கேட்டார். என்ன சொல்வது!

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்திலேயே உயரமான மலை, கெர்ரியில் இருக்கும் கரன்டூஹில், 1,038 மீட்டர்தான். நம் குன்னூரே ஏறத்தாழ 1,850 மீட்டர், தொட்டபெட்டா 2,637. இதைச் சொன்னதும் சித்தி பையன், "அது மலையா அக்கா, மேடு" என்று சிரித்தான். சிரிக்க வேண்டாம். நாம் ஏற்கெனவே மேலே இருந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ஏறுகிறவர்கள், அங்கே கடல் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். மரம் கிடையாது, காற்றை மறைக்க ஒரு புதர்கூட இருக்காது. காலுக்குக் கீழே சதுப்பு, பச்சைப் புல் என்று நினைத்து வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மேகம் வந்துவிட்டால் பாதை எது, ஆடு போன தடம் எது என்று தெரியாது. தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள், மாட்டிக்கொண்டால் 112 அடித்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

ஒரு நிம்மதி, அங்கே பாம்பு கிடையாது. சிறுத்தை, கரடி கிடையாது. வாசலில் காட்டுமாடு நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போகும் பழக்கம் எனக்குப் போக ஒரு வருடம் ஆனது. ஆனால் கன்றோடு இருக்கும் பசு மேய்கிற வயலுக்குள் குறுக்கே போகாதீர்கள், வேலிக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டும் திறந்திருந்தால் அப்படியே விட்டும் போங்கள். சோலையில் நடந்துவிட்டு வந்தால் அட்டை இருக்கிறதா என்று காலைப் பார்ப்போம் இல்லையா, அதேபோல் அங்கே உண்ணி பார்க்க வேண்டும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். கடித்த இடத்தில் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

சரி, ஊர் சுற்றுவதற்கு முன் தினப்படி வாழ்க்கை ஒழுங்காக வேண்டும்.

வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. வாடகை சம்பளத்தில் பெரும் பங்கைத் தின்னும், ஒரு அறைக்கு நூறு பேர் வரிசை. இந்த அவசரத்தைப் பயன்படுத்தித்தான் ஏமாற்றுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இங்கிருந்தே போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பினாள், போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். வீட்டை நேரில் பார்க்காமல், சாவியைக் கையில் வாங்காமல் ஒரு யூரோ அனுப்பாதீர்கள். சட்டப்படி ஒரு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, அதற்கு மேல் கேட்க முடியாது. முதல் மாதத்துக்கு வேலை கொடுப்பவர்கள் தங்குமிடம் தருகிறார்களா என்று இங்கேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீடு கிடைத்ததும் ஏர்கோடை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த கோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. பார்சல், டாக்ஸி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னால் போதும்.

ஐ.ஆர்.பி. கார்டு (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை), பி.பி.எஸ். நம்பர் (வரிக்கும் அரசு வேலைகளுக்கும் கேட்கிற அடையாள எண்), வங்கிக் கணக்கு இதெல்லாம் ஆபீஸில் சொல்லித் தருவார்கள். ஐ.ஆர்.பி. கார்டுக்கு 300 யூரோ கட்ட வேண்டும் என்பதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாதத்தில் அது வலிக்கும். ஊருக்கு லீவில் வரும்போது கார்டு காலாவதி தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அங்கத்திய வீட்டுக்குள் நமக்குப் புதிர் இரண்டு. ஒன்று, இமெர்ஷன் என்கிற சுவிட்ச். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர்தான், நம் கீசர் மாதிரி, ஆனால் பெரிய தாமிர சிலிண்டர் முழுக்கச் சூடாக்கும். அணைக்க மறந்தால் கரன்ட் பில்லைப் பார்த்து நீங்கள் சூடாவீர்கள், வீட்டு ஓனர் அதைவிடச் சூடாவார். இரண்டாவது, அந்தச் சிலிண்டர் இருக்கும் அலமாரி. ஹாட் பிரெஸ் என்பார்கள், துண்டும் படுக்கை விரிப்பும் கதகதப்பாக இருக்க அதற்குள் அடுக்கி வைப்பார்கள். எனக்கு அது வேறு விதத்தில் பயன்பட்டது. தோசை மாவு அந்தக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. இங்கே அம்மா பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார், அதே யோசனையில் ஒரு ராத்திரி ஹாட் பிரெஸ்ஸில் வைத்தேன். காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழே அடுக்கியிருந்த கூட இருக்கும் பெண்ணின் வெள்ளைத் துண்டுகள் மேல் வழிந்திருந்தது. அதனால் பெரிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், அடியில் ஒரு தட்டு வையுங்கள். மற்றபடி அதைவிட நல்ல இடம் கிடையாது. புது வீடுகளில் இந்த அலமாரி இல்லாமல் இருக்கலாம், அப்போது ஓவனுக்குள் லைட்டை மட்டும் போட்டு வைத்துப் பாருங்கள்.

டீக்குக் கவலை இல்லை, அவர்களும் நம்மைப் போல நாள் முழுக்கக் குடிக்கிற ஜாதி. பால் ஊற்றி, ஸ்ட்ராங்காக. பெரும்பாலும் கென்யா பக்கத்துத் தூள். எண்பது பை இருக்கும் ஒரு டப்பாவின் விலையை அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை, பச்சை இலை கிலோவுக்கு என்ன விலைக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும், சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். நம் தூள் இரண்டு கிலோ எடுத்துப் போங்கள், வார்டில் ஒரு தடவை இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டால் ரோஸ்டர் மாற்றிக் கேட்பது சுலபமாகிவிடும். பொடி, வற்றல், ஊறுகாய் சரி. இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் பையில் கொண்டுபோகக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி, நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

உடம்பு சரியில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், இதை அந்த வாசலுக்கு உள்ளே நிற்கிறவளாகச் சொல்கிறேன். முதலில் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டர், ஒரு முறை பார்க்க ஐம்பது அறுபது யூரோ ஆகும். அவர் கடிதம் இல்லாமல் எமர்ஜென்சிக்கு வந்தால் 100 யூரோ, மணிக்கணக்கில் காத்திருப்பு வேறு. போன முதல் வாரமே, நன்றாக இருக்கும்போதே, பக்கத்தில் புது ஆட்களைச் சேர்க்கிற ஜி.பி. யார் என்று தேடிப் பதிந்துவிடுங்கள், பலர் இடம் இல்லை என்பார்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள். பஸ் வரும்போது கையை நீட்டுங்கள், நீட்டாவிட்டால் போய்விடும். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். "ஹவ் ஆர் யூ" என்றால் நலம் விசாரிப்பு இல்லை, வணக்கம் மாதிரி, நின்று பதில் சொல்லத் தொடங்கினால் அவர் பத்தடி தள்ளிப் போயிருப்பார். தண்ணீர் பாட்டில், ஜூஸ் டின் வாங்கினால் விலையோடு 15 அல்லது 25 சென்ட் டெபாசிட் சேரும், 2024இலிருந்து இப்படி. காலியை நசுக்காமல் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும். நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. அம்மா எட்டரைக்குத் தூங்கிவிடுவார் என்றால் உங்களுக்கு மாலை மூன்று நாலு மணிக்குள் பேசியாக வேண்டும், டூட்டி இருக்கும் நாளில் அது நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஊரே கவலைப்படும்.

இனி பயணம். டப்ளினில் இருப்பவர்கள் முதல் வாரமே லீப் கார்டு எடுக்கட்டும், பணம் ஏற்றி வைத்துப் பஸ், ரயிலில் காட்டுகிற பயண அட்டை அது. 90 நிமிடத்துக்குள் பஸ், லுவாஸ் டிராம், டார்ட் ரயில் எது மாறினாலும் இரண்டு யூரோதான், 25 வயது வரைக்கும் இருப்பவர்களுக்குத் தனிக் கார்டில் பாதி. கார்டு இல்லாமல் ஏறினால் சில்லறைக் காசு வேண்டும், நோட்டு வாங்க மாட்டார்கள். அந்தக் கார்டிலேயே போகக்கூடிய இடம் ஹௌத். டார்ட்டின் ஒரு தடம் அங்கே போய் முடியும், இறங்கினால் மீன்பிடித் துறைமுகம், அதைத் தாண்டி கடலோர மலை விளிம்பில் நடைபாதை. ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். சரிவு முழுக்க மஞ்சள் பூ, பக்கத்தில் போனால் தேங்காய் வாசனை அடிக்கும். முள்ளைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து ஊட்டி மேட்டுப் புல்வெளிகளில் பரவிவிட்ட அதே கோர்ஸ் செடி. இங்கே வேண்டாத களை, அங்கே சொந்த ஊர்க்காரன். கிலார்னியில் இதற்கு நேரெதிர்: நம் காட்டில் இயல்பாகச் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரானின் ஊதாப்பூ உறவுக்காரச் செடி அங்கே புகுந்து ஓக் காட்டை மூடிவிட, அதை வெட்டி எடுப்பதே அந்தத் தேசியப் பூங்காவுக்கு ஓயாத வேலை.

காசே செலவில்லாத நாள் வேண்டுமென்றால் பீனிக்ஸ் பார்க். எழுநூறு ஹெக்டேர், மான் கூட்டம் திரியும். உள்ளே வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் 62 மீட்டர் கல் தூண் வெலிங்டன் நினைவுச்சின்னம். ஆமாம், நம் குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் பெயர் கொடுத்த அதே பிரபுதான், 1769இல் டப்ளினில் பிறந்தவர். அடியில் நின்று போட்டோ எடுத்து அருவங்காட்டில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன், "பஸ் எத்தனை மணிக்கு?" என்று பதில் வந்தது. கிளாஸ்நெவின் தாவரவியல் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. நியூகிரேஞ்ச் மட்டும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லறை மேடு, எகிப்துப் பிரமிடுகளைவிடப் பழையது.

மேற்குப் பக்கம் தான் எனக்கு உயிர். டப்ளினிலிருந்து கால்வே ரயிலிலோ பஸ்ஸிலோ இரண்டரை மணி நேரம் ஆகும், ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் போட்டால் மலிவு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம், உட்கார இடம் கிடைக்காது. கால்வேயிலிருந்து 350ஆம் எண் பஸ் மோஹர் செங்குத்துப் பாறைகளுக்குப் போகும். உயரமான இடத்தில் 214 மீட்டர், கீழே நேராக அட்லான்டிக். போட்டோவுக்காகத் தடுப்பைத் தாண்டி விளிம்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அந்தக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று நிற்கும், அதன்மேல் சாய்ந்திருந்த ஆள் தடுமாறுவார்.

கால்வேக்கு மேற்கே இருக்கும் கான்னமாராவில் ஒரு பிப்ரவரி, பஸ்ஸிலிருந்து பார்த்தபோது மலைச்சரிவில் வரிவரியாகப் புடைப்புத் தெரிந்தது, யாரோ பெரிய சீப்பால் வாரிய மாதிரி. ஏர் உழுத தடம் இல்லை, மண்வெட்டியால் மேடாக்கிய பாத்தி. எங்கள் தாத்தா தேயிலைக்கு மாறுவதற்கு முன் உருளைக்கிழங்கு போட்டவர், அந்தச் சரிவில் பாத்தி எப்படி ஓடும் என்று கண்ணுக்குப் பழக்கம். பக்கத்து சீட் பெரியவரிடம் கேட்டேன். கிழங்குப் பாத்திதான், பஞ்சத்துக்கு அப்புறம் யாரும் தொடவில்லை என்றார். 1845இல் வந்த கருகல் நோய், நம் விவசாயிகள் மழைக்காலத்தில் பயந்து மருந்தடிக்கிற அதே பின்கருகல். இலை ஒரே வாரத்தில் கருத்து, தோண்டினால் கிழங்கு அழுகி நாறும். தோட்டத்தில் ஒரு பருவம் போனாலே வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று தெரியும், அங்கே வருடக்கணக்கில் நீண்டது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். வீடு இருந்த இடத்தில் கல் குவியல், பாத்தி மட்டும் புல்லுக்கு அடியில் அப்படியே. வெயில் சாய்வாக விழுகிற காலையிலோ மாலையிலோ பாருங்கள், நடுப்பகலில் தெரியாது.

நம் ஊர்க்காரர்கள் வெள்ளியங்கிரி ஏறுகிற மாதிரி அங்கே மேயோவில் கிரோக் பேட்ரிக் ஏறுவார்கள், 764 மீட்டர், ஜூலை கடைசி ஞாயிறு பெரிய கூட்டம், சிலர் வெறுங்காலோடு. உச்சிக்குப் பக்கம் முழுக்கச் சரளைக்கல், ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும். கைத்தடி வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பெல்ஃபாஸ்ட், ஜயன்ட்ஸ் காஸ்வே எல்லாம் வடக்கு அயர்லாந்து, அது பிரிட்டன். எல்லையில் கேட் இல்லை, போலீஸ் இல்லை, கிலோமீட்டர் போர்டு மைல் போர்டாக மாறும், யூரோ போய் பவுண்டு வரும், அவ்வளவுதான் அடையாளம். அதனால் எல்லோரும் போய்விடுகிறார்கள். ஆனால் நம் இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும், ஐ.ஆர்.பி. கார்டு போதாது, பஸ்ஸில் ஏறிச் சோதிப்பதும் உண்டு. வேலை பெர்மிட்டில் இருக்கிறவர்கள் ஒரு நாள் படம் எடுக்க அதைப் பணயம் வைக்காதீர்கள். பாரிஸ் போக வேண்டுமென்றாலும் ஷெங்கன் விசா தனி.

வழியில் டீக்கடை இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள், இருக்காது. பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் புளிசாதம், ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் பிளாஸ்டிக் பைக்குள். கிறிஸ்துமஸ் அன்று பஸ், ரயில் எதுவும் ஓடாது, முந்தின நாளே அரிசி பருப்பு பார்த்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். மஞ்சளுக்குத் துணி காயப்போடாதீர்கள், ஆரஞ்சுக்கு டிரிப்பைத் தள்ளிப்போடுங்கள், சிவப்புக்குக் கதவையே திறக்காதீர்கள்.

சித்தி பையன் செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாகக் கேட்டது, "அக்கா, குடை எடுத்துக்கவா?" பதில் சொல்வதற்குள் பஸ் ஹாரன் கேட்டு ஓடிவிட்டான். டேய், குடையைச் சித்தியிடமே விட்டுவிட்டு வா. அங்கே மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் வரும். புயல் அடித்த மறுநாள் கால்வேயில் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தால் கம்பி முறிந்த குடைகளாகத் துருத்திக்கொண்டிருக்கும். தலைமூடி இருக்கிற, இடுப்புக்குக் கீழே வரைக்கும் வருகிற ரெயின்கோட் ஒன்று வாங்கு, குன்னூரில் கிடைப்பதே போதும்.